டிரே லான்ஸுக்கு நான் எழுதிய மொய்

2021 ஏப்ரல் 29, சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு ஹாலில் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். க்ளீவ்லாந்து மேடையில் என்எஃப்எல் என்கிற அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் கமிஷனர், எங்கள் ஊர் அணி எடுத்த புது ஆட்டக்காரரின் பெயரை வாசித்தார்: டிரே லான்ஸ், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்), நார்த் டகோட்டா ஸ்டேட் கல்லூரி. எனக்கு அந்தப் பெயரே ஒரு மாதமாகத்தான் தெரியும். ஆனாலும் சொந்தத் தம்பிக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததுபோல் ஒரு துள்ளல் துள்ளினேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, “என்னங்க, கிரீன் கார்டு வந்துருச்சா?” என்று கேட்டாள். அந்தத் துள்ளலுக்கு அடுத்த இரண்டரை வருடத்தில் நான் கொடுத்த விலை சுமார் 1,700 டாலர். தூக்கம் கெட்டது, வாட்ஸ்அப்பில் சண்டை போட்டது எல்லாம் தனிக் கணக்கு. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, ஆபீஸ் நண்பர்களைப் பார்த்து இந்த ஆட்டத்துக்குள் காலை விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லை.

நான் சன்னிவேலில் குடியேறியது 2014இல். அதே வருடம்தான் பக்கத்து ஊரான சான்டா க்ளாராவில் லீவைஸ் ஸ்டேடியம் திறந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் மைதானம். ஆறு வருடம் அது எனக்கு ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக் ஜாமுக்குக் காரணமான கட்டடம், அவ்வளவுதான். கொரோனா வந்து வீட்டில் அடைந்து கிடந்த 2020இல்தான் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நல்ல வருடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் பாருங்கள். அந்த சீசனில் நைனர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வி. நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் நிக் போசாவுக்கு இரண்டாவது வாரமே ஏசிஎல் என்கிற முழங்கால் தசைநார் கிழிந்தது. குவார்ட்டர்பேக் ஜிம்மி கராப்பலோ கணுக்கால் காயத்தால் ஆறே ஆட்டங்களில்தான் ஆடினார். அவருக்கு 2018இலும் ஏசிஎல் கிழிந்து சீசன் பாழானது. ‘இந்த ஆஸ்பத்திரி கேஸை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது’ என்று ஊரே புலம்பியது. நானும் சேர்ந்து புலம்பினேன், ஏதோ பரம்பரை ரசிகன் மாதிரி.

அன்று டிவியில் நான் பார்த்தது டிராஃப்ட். அது என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐபிஎல் ஏலம் மாதிரி பணம் கூவி எடுப்பதில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று. ஒவ்வொரு அணியும் தன் முறையை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம். அதனால் ‘பிக்’ என்பதே இங்கே ஒரு நாணயம். 2021 மார்ச்சில் நைனர்ஸ் செய்தது, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கார் வாங்கியதற்குச் சமம். 12ஆவது இடத்திலிருந்து 3ஆவது இடத்துக்கு ஏறுவதற்காக மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு அந்த 12ஆம் பிக், 2022இன் முதல் சுற்றுப் பிக், 2023இன் முதல் சுற்றுப் பிக், கூடவே ஒரு மூன்றாம் சுற்றுப் பிக் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தார்கள். அடிக்கடி காயம்படுகிற குவார்ட்டர்பேக்கிடமிருந்து தப்பிப்பதற்குத்தான் இத்தனையும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லான்ஸுக்கு அப்போது வயது 20. 2019இல் ஒரு முழு சீசன் ஆடி 28 டச்டவுன் (இந்த ஆட்டத்தில் கோல் மாதிரி) எறிந்திருந்தார், ஒரு பந்துகூட எதிரணி கைக்குப் போகவில்லை. இதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது முதல் தர டிவிஷன் இல்லை, அதற்கு அடுத்த படி. 2020இல் கொரோனாவால் ஒரே ஒரு ஆட்டம். கல்லூரிக் காலம் முழுவதும் சேர்த்து அவர் எறிந்த பந்துகள் 318தான். ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்த ஃப்ரெஷரைக் கொண்டுவந்து டைரக்டர் நாற்காலியில் உட்கார வைத்த கதை. இந்த எண்களெல்லாம் அன்றைக்கே கண்ணெதிரே இருந்தன. நான் 28ஐயும் 0ஐயும் மட்டும் பார்த்தேன்.

முதல் செலவு ஜெர்சி. டிராஃப்ட் முடிந்த கொஞ்ச நாளிலேயே சிவப்பில் 5ஆம் எண் போட்டது எனக்கு ஒன்று, 130 டாலர். பையனுக்குச் சின்ன சைஸ், 75 டாலர். இங்கேயே முதல் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். புது ஆட்டக்காரர் பெயர் போட்ட ஜெர்சியை அவர் ஒரு சீசனாவது முழுதாக ஆடிய பிறகு வாங்குங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் ஓய்வுபெற்ற ஜாம்பவான் பெயரில் வாங்குங்கள். ஜோ மான்டானா இனிமேல் வேறு அணிக்குப் போகப் போவதில்லை, காயமும் படப் போவதில்லை. பிள்ளைகளுக்கு எண் போட்டதே வேண்டாம், வெறும் அணிச் சின்னம் போட்ட டி-ஷர்ட் போதும். எப்படியும் ஒரு வருடத்தில் சட்டை சின்னதாகிவிடும்.

இரண்டாவது செலவு ஃபேன்டஸி லீக், அதாவது நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி எண்ணுகிற போட்டி. ஆபீஸில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்துவது, ஆளுக்கு வருடம் 200 டாலர். ஆட்டக்காரர்களை வருடக் கணக்கில் நம்மிடமே வைத்துக்கொள்ளலாம், பிக்குகளைக் கைமாற்றலாம், நிஜ அணி மாதிரியே எல்லாம். அந்த லீக்கில் லான்ஸ் வேறொருவர் கையில் இருந்தார். நைனர்ஸ் மேனேஜர் ஜான் லிஞ்ச் செய்தாரே, நாமும் செய்தால் என்ன என்று 2021 ஆகஸ்டில் ஒரு ஆஃபர் அனுப்பினேன். லான்ஸைக் கொடு, என் அடுத்த வருட முதல் பிக்கைத் தருகிறேன், கூடவே பெஞ்சில் சும்மா கிடக்கிற பிலடெல்ஃபியா குவார்ட்டர்பேக்கையும் வைத்துக்கொள் என்றேன். அந்த பிலடெல்ஃபியா பையன் பெயர் ஜேலன் ஹர்ட்ஸ், பின்னால் பெரிய நட்சத்திரம் ஆனவர். விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் சிரித்துக்கொள்ளலாம். நான் ஆஃபர் அனுப்பிய இரண்டாவது நிமிடமே அவர் ஒப்புக்கொண்டார். எதிராளி உடனே சரி என்றால் நாம் அதிகம் கொடுத்துவிட்டோம் என்று பொருள். ஆடிக் கழிவில் புடவை எடுக்கிற எங்கள் அம்மாவுக்குத் தெரிந்த இந்த விதி எனக்குத் தெரியாமல் போனது.

அதே மாதம் பயிற்சி ஆட்டங்களில் லான்ஸின் வலதுகை ஆள்காட்டி விரலில் எலும்பு சின்னதாகப் பெயர்ந்தது. விரல்தானே என்று விட்டுவிட்டோம். பந்தை எறிகிற கை அது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் 10ஆம் தேதி அரிஸோனாவில் முதல் முறையாக ஆரம்பத்திலிருந்தே ஆடினார். 17க்கு 10 என்று தோல்வி, ஆட்டம் முடிந்தபோது இடது முழங்காலில் சுளுக்கு. அன்றைக்கு அவரே பந்தைத் தூக்கிக்கொண்டு 16 முறை ஓடினார். குவார்ட்டர்பேக் என்பவர் எறிய வேண்டிய ஆள். 16 முறை ஓடினால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் 120 கிலோ எடையுள்ள யாராவது ஒருவர் மேலே விழுவார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு யாரும் இதைப் பேசவில்லை. பயிற்சியாளர் கைல் ஷனஹன் அவரை ஏன் இப்படி ஓட வைக்கிறார் என்று கேட்பதற்குப் பதில், ‘இவனுக்கும் கண்ணாடிக் கால்தானா’ என்று கேட்டோம். அதுவரை குழுவில் லான்ஸ் ‘நம்ம பையன்’. அந்த வாரம் ‘அவன்’ ஆனார். பிற்பாடு ‘அந்தாளு’ ஆனார். தமிழில் மட்டும்தான் ஒரு ஆட்டக்காரரின் மதிப்பு இறங்குவதைப் பிரதிப்பெயரை வைத்தே அளக்கலாம்.

அந்த சீசனில் லான்ஸ் ஆரம்பத்திலிருந்து ஆடியது இரண்டே ஆட்டங்கள். ஜனவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக ஆடி ஜெயித்தார். மற்றதெல்லாம் கராப்பலோதான், அவரை வைத்தே அணி சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம் வரை போனது. என் ஃபேன்டஸி அணி கடைசி இடம். அதாவது நான் ஹர்ட்ஸோடு சேர்த்துக் கொடுத்த பிக், அடுத்த வருட லீக்கின் முதலாவது பிக்காக மாறியது. அதில் அந்த மனிதர் பிரீஸ் ஹால் என்கிற புது ஆட்டக்காரரை எடுத்தார். (ஹாலுக்கு அந்த அக்டோபரிலேயே ஏசிஎல் கிழிந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். அப்புறம் வெட்கமாகவும் இருந்தது.)

லீக் ஆடுகிறவர்களுக்கு இதிலிருந்து இரண்டு விஷயம். இளம் குவார்ட்டர்பேக்கின் விலை அவர் ஆடாதவரைக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆடிக் காட்டிய பிறகு நிஜ விலை தெரியும், ஆடாத ஆளுக்குக் கனவு விலை. 2022 கோடையில் லான்ஸ்தான் இனி முதல் ஆள் என்று அணி முடிவெடுத்தபோது, லீக்கில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருவர் இரண்டு முதல் சுற்றுப் பிக் தருவதாகச் சொன்னார். விற்றிருக்க வேண்டிய நேரம் அது. இன்னொன்று, உங்கள் ஆள் விழுந்தால் யார் உள்ளே வருவாரோ அவரையும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டாம் ஆளாக இருக்க கராப்பலோ ஒப்புக்கொண்ட வாரம், எங்கள் லீக்கில் அவரை யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்திருக்கலாம். எனக்கு வீம்பு. அவர் மூஞ்சியே என் அணியில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது செலவுதான் பெரியது. 2022 ஜூனில் நண்பரின் நண்பர் ஒருவர், தன் சீசன் டிக்கெட்டில் பாதியைப் பங்கு பிரித்துக்கொள்ள ஆள் தேடினார். இரண்டு இருக்கை, ஐந்து ஆட்டம், மொத்தம் 2,150 டாலர். சியாட்டல், ராம்ஸ், மயாமி, டாம்பா பே, கூடவே ஆகஸ்டில் கிரீன் பேயோடு ஒரு பயிற்சி ஆட்டம். ‘லான்ஸ் முதல் வருஷம் சார், அடுத்த வருஷம் இந்த விலைக்குக் கிடைக்காது’ என்றார். நானும் வீட்டில் இதையே சொன்னேன். ஒன்றைக் கவனிக்கவில்லை. பயிற்சி ஆட்டத்துக்கும் அதே 430 டாலர்தான் கணக்கு. அதில் முக்கிய ஆட்டக்காரர்கள் சிறிது நேரம் தலையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கு லான்ஸ் சக ஆட்டக்காரர் டேனி கிரேவுக்கு 76 யார்டு டச்டவுன் ஒன்று எறிந்தார். வில்லிலிருந்து விட்ட மாதிரி போன பந்து அது. அந்த ஒரு எறிதல்தான் என்னை முழுக்க மயக்கியது. அதன் பிறகு இரண்டரை மணிநேரம் பெயர் தெரியாதவர்களின் ஆட்டத்தைப் பார்த்தோம். சீசன் டிக்கெட்டில் பங்கு வாங்கும்போது பயிற்சி ஆட்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இருக்கை எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். லீவைஸில் கிழக்குப் பக்கம் வாங்கினால் செப்டம்பர் மதியத்தில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கூரை கிடையாது. மெட்ராஸ் வெயிலைப் பார்த்தவனுக்கு இதென்ன என்று தொப்பிகூட இல்லாமல் போனேன். கைப்பை விதியும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாம், அதற்கும் அளவு உண்டு. பயிற்சி ஆட்டத்துக்கு மனைவி எடுத்து வந்த தோல்பையை கார் வரை திரும்ப நடந்து வைத்துவிட்டு வந்ததில் முதல் கால் மணிநேர ஆட்டம் போனது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 18, ஞாயிறு, சியாட்டல் சீஹாக்ஸ் வந்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் சிகாகோவில் கொட்டுகிற மழையில் லான்ஸ் ஆடித் தோற்றிருந்தார். அங்கேயும் 13 முறை ஓட வைத்திருந்தார்கள். நானும் பையனும் சிவப்புச் சட்டையில் போய் உட்கார்ந்தோம். ஆட்டத்தின் முதல் கால் பகுதிகூட முடியவில்லை. லான்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவிலேயே ஓடினார், ஆட்கள் குவிந்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் இருந்த உயரத்திலிருந்து என்ன நடந்தது என்று தெரியவில்லை. மைதானத்தில் ஒரு சத்தம் இருக்கும் பாருங்கள், கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் திடீரென்று நின்றால் வருகிற மாதிரி, அது வந்தது. பெரிய திரையில் மறுபடி போட்டுக் காட்டுவார்கள் என்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அப்புறம் வண்டி வந்தது. வலது காலைச் சுற்றி ஒரு கட்டு போட்டார்கள். இரண்டு அணி ஆட்களும் வரிசையாக வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு அணியும் வந்தால் காயம் பெரியது என்று பொருள் என, பின்வரிசையிலிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. கராப்பலோ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது கூட்டம் எழுந்து கைதட்டியது. நானும் எழுந்தேன். 5ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆள் வண்டியில் போய் ஐந்து நிமிடம்கூட ஆகாத நேரத்தில் தட்டினேன். ஆட்டம் 27க்கு 7 என்று ஜெயித்தோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி டிவியில் பார்த்ததாகச் சொன்னாள். “அந்தப் பையனோட அம்மா பாத்துட்டு இருந்திருப்பாங்கல்ல?” என்றாள். நான் ஸ்கோரைச் சொன்னேன்.

மறுநாள் அறுவைச் சிகிச்சை. கணுக்கால் எலும்பு முறிவு, தசைநார்களும் சேதம், சீசன் முடிந்தது. வருத்தம் ஒரு நாள் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. விரல், முட்டி, இப்போது கணுக்கால். மூன்று முதல் சுற்றுப் பிக்கைக் கொட்டிக் கொடுத்து, காயம்படுகிற ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வாங்கியிருக்கிறோம் என்று குழுவில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். மதுரையிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். அந்த வருடம்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 கோடி கொடுத்து எடுத்த தீபக் சாஹர் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போயிருந்தார். “டேய், 14 கோடிக்கு நாங்களே வாயை மூடிக்கிட்டோம். உனக்கென்னடா?” என்றார். எனக்கு என்னவா? 2,150 டாலர்!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களின் டிக்கெட்டையும் அந்த வாரமே ஆன்லைனில் விற்றுத் தள்ளினேன். 1,290 டாலருக்கு வாங்கியது, விற்பனைத் தளம் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டது போக என் கைக்கு வந்தது 810. விற்ற டிக்கெட்டில் ஒன்று டிசம்பர் 4, மயாமி ஆட்டம். நம் பிக்குகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போன அதே மயாமி. அன்றைக்குக் கராப்பலோவுக்குப் பாதம் முறிந்தது. உள்ளே வந்தவர் பிராக் பர்டி. அந்த வருட டிராஃப்டில் 262ஆவதாக, கடைசிக்குக் கடைசியாக எடுக்கப்பட்ட பையன். கடைசி பிக்குக்கு இங்கே ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்று பட்டமே உண்டு, ‘சம்பந்தமில்லாதவர்’ என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஜெயித்துக் கொடுத்தார், 33க்கு 17. அடுத்த வாரம் ஜாம்பவான் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி இருந்த டாம்பா பேவை 35க்கு 7 என்று துவைத்தார்கள். அதுவும் நான் விற்ற டிக்கெட். இரண்டு ஆட்டத்தையும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். என் இருக்கையில் யாரோ குதித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதனால் ஒரு ஆட்டக்காரருக்குக் காயம் பட்ட வாரத்தில் எதையும் விற்காதீர்கள், எதையும் வாங்காதீர்கள். காயச் செய்தியைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஞாயிறு ஆட்டம் என்றால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் யார் முழுப் பயிற்சி, யார் பாதிப் பயிற்சி, யார் பயிற்சியே செய்யவில்லை என்று ஒவ்வொரு அணியும் அறிவித்தாக வேண்டும். புதன்கிழமை இல்லாதவர் வெள்ளிக்கிழமை முழுப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் ஆடிவிடுவார். திசை இறங்குமுகமாக இருந்தால்தான் கவலை. ஆடாதவர்கள் பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்னால் வரும். வெளி ஆளிடம் கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாங்கலாம். ‘ஐஆர்’ என்கிற நீண்ட காயக்காரர்கள் பட்டியலில் போட்டால் குறைந்தது நான்கு ஆட்டம் கிடையாது. அப்புறம், எல்லாக் காயமும் ஒன்றில்லை. தொடைத் தசை, கெண்டைத் தசை திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிற ஆளைப் பற்றி யோசிக்கலாம், அது மறுபடி வரக்கூடியது. மேலே நாலு பேர் விழுந்து எலும்பு முறிவதை அந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. லான்ஸுக்கு நடந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் நடந்தவை. இது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது, அதுவும் என் சொந்தக் காலைக் கொடுத்துத்தான்.

2023 மார்ச்சில் வாரக் கடைசி ஷட்டில் ஆட்டத்தில், பின்பக்கமாகத் துள்ளியவன் பக்கத்து கோர்ட்டிலிருந்து உருண்டு வந்த ஷட்டில்காக்கின் மேல் காலை வைத்தேன். வலது கணுக்கால். ‘டொப்’ என்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. முறிவு இல்லை, தசைநார் பாதி கிழிந்திருந்தது. நான்கு வாரம் பெரிய பூட்ஸ், பன்னிரண்டு முறை பிசியோதெரபி. வீட்டுக்குள் ஒன்பது படிதான். மே மாதம் வரை ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வலி போன பிறகும் அப்படித்தான். கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், எனக்கும் தெரிகிறது, ஆனால் கால் நம்பவில்லை. பிசியோதெரபி செய்த பெண் ஒரு தலையணைமேல் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். நாற்பது வயது ஆள் தலையணைமேல் நின்று நடுங்குவதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒருநாள் நின்றபோதுதான் லான்ஸின் ஞாபகம் வந்தது. அவருக்கு டிசம்பர் கடைசியில் அதே கணுக்காலில் இரண்டாவது அறுவைச் சிகிச்சையும் நடந்திருந்தது. இந்தக் காலோடுதான் அவர், நூற்று இருபது கிலோ ஆட்கள் பாய்ந்து வரும்போது பின்னங்காலை ஊன்றி நின்று எறிய வேண்டும். எனக்குக் குப்பைத் தொட்டியை வெளியில் வைக்கவே பயமாக இருந்தது.

அதற்கிடையில் ஜனவரி 29இல் பிலடெல்ஃபியாவில் பர்டியின் முழங்கையும் போனது. அடுத்து வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. எறிய ஆளில்லாமல் 31க்கு 7 என்று தோற்றோம். எதிரணியில் சிரித்துக்கொண்டிருந்தவர் ஜேலன் ஹர்ட்ஸ், என் லீக்கில் நான் தாரை வார்த்தவர். ஒரே சீசனில் ஒரே அணிக்கு நான்கு குவார்ட்டர்பேக் விழுந்தால், அதை அந்த நான்கு உடம்பின் குற்றம் என்று எப்படிச் சொல்வது? அவர்களைத் தடுத்துக் காக்கிற வரிசையையும், ஓட வைக்கிற திட்டத்தையும், அதிர்ஷ்டத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நைனர்ஸ் செய்த தப்பு, 318 பந்துதான் எறிந்த பையனுக்கு மூன்று வருடத்து முதல் பிக்கைக் கொடுத்தது. அதில் லான்ஸ் கையெழுத்துப் போடவில்லை. அவர் யாரிடமும் என்னை இந்த விலைக்கு எடுங்கள் என்று கேட்கவும் இல்லை. என்னிடம் ஜெர்சி வாங்கு என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் என்று நினைத்து நானாக எழுதிய மொய் அது.

2023 ஆகஸ்டில், பர்டிக்கு அடுத்து இன்னொரு குவார்ட்டர்பேக்கான சாம் டார்னால்டுதான் இரண்டாம் ஆள் என்று ஷனஹன் அறிவித்தார். லான்ஸ் மூன்றாம் இடம். இரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. இந்தியக் கடை வாசலில் கருவேப்பிலைக் கட்டோடு காரைத் திறக்கும்போது போன் அடித்துக்கொண்டே இருந்தது. டாலஸ் கௌபாய்ஸ் அணிக்கு விற்றுவிட்டார்கள், ஒரு நான்காம் சுற்றுப் பிக்குக்கு. நைனர்ஸுக்காக அவர் ஆரம்பத்திலிருந்து ஆடியவை மொத்தம் நான்கு ஆட்டங்கள், எறிந்த பந்து 102. நாம் மயாமிக்குக் கொடுத்த 12ஆம் பிக் கைமாறிக் கைமாறி டாலஸுக்குப் போய், அதில் அவர்கள் எடுத்தவர் தடுப்பாட்டத்தில் பெரிய நட்சத்திரமான மைக்கா பார்சன்ஸ். கடைசியில் லான்ஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். குழுவில் ஒருவர் ‘பொண்ணையும் கொடுத்துச் சீரையும் கொடுத்த கதை’ என்று எழுதினார். அன்றைக்கு நான் சிரித்தேன், கோபமில்லை.

கணக்கை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள். ஜெர்சி 205. டிக்கெட் விற்றதில் நஷ்டம் 480. பயிற்சி ஆட்டம் 430, அந்த 76 யார்டு எறிதலுக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. லீக்குக்கு மூன்று வருடம் 600, பரிசு பூஜ்யம். ஆக 1,715. பார்க்கிங்கை மனைவிக்குத் தெரியாமல் விட்டுவிட்டேன். இப்போது வருட ஆரம்பத்திலேயே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன், 400 டாலர். லீக், ஒரு ஆட்டம், சாப்பாடு எல்லாம் அதற்குள். சீசன் டிக்கெட் பங்கு கேட்டு யார் வந்தாலும் இல்லை என்றுவிடுகிறேன். ஆட்டத்தன்று காலையில் ஆடாதவர்கள் பட்டியலுக்காகக் காத்திருந்து, மேற்குப் பக்கம் நிழலில் இரண்டு இருக்கை பார்த்து எடுக்கிறேன். சில ஞாயிறு விலை இறங்காது, அன்றைக்கு டிவி.

டாலஸுக்குப் போன அன்று ராத்திரியே லீக் நண்பர் ஒருவர், கிண்டலுக்கோ நிஜமாகவோ, லான்ஸுக்கு ஒரு நான்காம் சுற்றுப் பிக் தருகிறேன் என்று ஆஃபர் அனுப்பினார். நிஜ விலை அதுதானே. பையனிடம் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, “நம்ம பையன்தானேப்பா, இருந்துட்டுப் போகட்டும்” என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவனுடைய சின்ன ஜெர்சி பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போய்விட்டது. என்னுடையதை ஷட்டில் ஆடப் போகும்போது போட்டுக்கொள்கிறேன். கணுக்காலுக்கு ஒரு உறை, மேலே 5ஆம் எண். பாலியெஸ்டர் துணி, வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.